ஃப்ரீ ஹிட்டுக்குக் கை தூக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்பயர் தேர்வில் தேறிவிட்டாய், ராசிபுரம் பக்கம் முதல் டோர்னமெண்டுக்கு நிற்கப் போகிறாய் என்று உன் கடிதம் சொன்னது. மகிழ்ச்சி. எல்பிடபிள்யூ பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். ஃப்ரீ ஹிட் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கையைத் தலைக்கு மேல் சுழற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பாய். நம் பக்கத்து மைதானங்களில் அந்தக் கை கீழே இறங்கிய பிறகுதான் சண்டையே தொடங்கும். அதனால் எல்பிடபிள்யூவை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் விஷயம்: எம்சிசியின் கிரிக்கெட் சட்டங்களில் ஃப்ரீ ஹிட் கிடையாது. அது போட்டி நடத்துகிறவர்கள் சேர்த்துக்கொள்ளும் ஆட்ட நிபந்தனை. சர்வதேச ஒருநாள் ஆட்டங்களில் 2007-ல் வந்தபோது, கோட்டைத் தாண்டிக் கால் வைத்த நோ-பாலுக்கு மட்டும்தான் இருந்தது. 2015 ஜூலையிலிருந்து எல்லா வகை நோ-பாலுக்கும் உண்டு. டெஸ்ட் ஆட்டத்தில் இன்றுவரை இல்லை. அப்படியென்றால், நீ நிற்கும் டோர்னமெண்டில் ஃப்ரீ ஹிட் உண்டா, எந்த நோ-பாலுக்கு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியது கமிட்டி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் பரிசுத்தொகை தரும் டோர்னமெண்டில் ஒரு கணக்கு இருக்கும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் கோப்பை தரும் டோர்னமெண்டில் வேறு கணக்கு இருக்கும். டாஸுக்கு முன்னால் கேட்டு ஒரு தாளில் எழுதி, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிவிடு. பத்தாவது ஓவரில் கேட்டால், எந்த அணிக்கு ஆள் அதிகமோ அந்த அணியின் விதிதான் செல்லும்.

அடுத்தது, யார் எப்படி அவுட் என்பது. ஃப்ரீ ஹிட் பந்தில் போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் எதுவும் கிடையாது. ரன் அவுட் உண்டு. பந்தை இரண்டாம் முறை அடித்தாலோ, ஃபீல்டரை வேண்டுமென்றே தடுத்தாலோ அவுட் உண்டு. அந்தப் பந்தும் வைடாகவோ நோ-பாலாகவோ போனால் ஃப்ரீ ஹிட் தீராது. அடுத்த பந்துக்குத் தொடரும். அடிக்கப்போகும் பேட்ஸ்மேன் மாறியிருந்தாலும் அது தொடரும், ஏனென்றால் அது பந்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஆனால் ஆள் மாறினால் ஃபீல்டிங் கேப்டன் ஃபீல்டை மாற்றலாம். மாறாவிட்டால் நின்றது நின்றபடிதான். ஃபீல்டர்களை நிறுத்தியதில் தவறு இருந்து நோ-பால் சொல்லியிருந்தால், அந்தத் தவறைச் சரிசெய்யும் அளவுக்கு மட்டும் மாற்ற விடு. இதை நீயே கேப்டனிடம் முந்திச் சொல்லிவிட்டால், "என்னங்ண்ணா, ஃபீல்டை மாத்தறாங்க, பார்த்துட்டே நிக்கறீங்க?" என்று எதிரணி உன்னிடம் வராது.

ஃப்ரீ ஹிட் இப்படித் தொடர்ந்துகொண்டே போனால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நம் ஊர் அணியே சாட்சி. 2023 ஜூன் 13 அன்று கோவையில் நடந்த டிஎன்பிஎல் ஆட்டத்தில், சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு எதிராகக் கடைசி ஓவர் போட்டவர் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் கேப்டன் அபிஷேக் தன்வர். கடைசிப் பந்தில் ஸ்டம்பு பறந்தது, நோ-பால். அடுத்தது நோ-பால், அதில் சிக்சர். அதற்கடுத்ததும் நோ-பால், இரண்டு ரன். பிறகு ஒரு வைடு. கடைசியில் ஒழுங்காக விழுந்த பந்திலும் சிக்சர். ஒரே பந்துக்கணக்கில் 18 ரன். சேலம் 52 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த இடத்தில் நிற்கும் அம்பயர் ஒரு ஃப்ரீ ஹிட்டைச் சொல்ல மறந்தாலும் ஸ்கோர் புத்தகம் பொய்யாகிவிடும்.

2022 அக்டோபர் 23, மெல்போர்ன், டி20 உலகக்கோப்பையில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். கடைசி ஓவரில் இந்தியாவுக்கு 16 ரன் வேண்டும். நவாஸ் போட்ட இடுப்புயர ஃபுல் டாஸை கோலி சிக்சருக்கு அனுப்பினார், நோ-பாலும் சேர்ந்தது. அடுத்த பந்து வைடு, ஆகவே ஃப்ரீ ஹிட் தொடர்ந்தது. அதற்கடுத்த பந்து ஸ்டம்பில் பட்டு தேர்டு மேன் பக்கம் ஓடியது. கோலியும் தினேஷ் கார்த்திக்கும் மூன்று ரன் ஓடினார்கள். ஸ்டம்பில் பட்டால் பந்து டெட் ஆகிவிடாதா என்று பாகிஸ்தான் வீரர்கள் அம்பயர்கள் எராஸ்மஸையும் டக்கரையும் சூழ்ந்துகொண்டார்கள். ஆகாது. பேட்ஸ்மேன் அவுட் ஆனால்தான் அங்கே பந்து டெட். ஃப்ரீ ஹிட்டில் போல்டு இல்லாததால் ஆட்டம் உயிரோடு இருந்தது. பேட்டில் படாததால் மூன்றும் பை. பேட்டில் உரசி ஸ்டம்பில் பட்டிருந்தால் கோலியின் கணக்கில் ஏறியிருக்கும். கடைசிப் பந்தில் நம் அஸ்வின் ஒரு ரன் அடித்து முடித்தார். கார்த்திக் ஓடலாம் என்று தெரிந்து ஓடினார். அம்பயர்களும் தெரிந்து அனுமதித்தார்கள். தெரியாத அம்பயராக இருந்திருந்தால், பழக்க தோஷத்தில் பெயில்ஸை எடுத்து வைக்கப் போயிருப்பார். மூன்று ரன்னும் போயிருக்கும்.

இதெல்லாம் அபூர்வமாக வருவது, யாரும் பயன்படுத்தாத விதி செத்த விதி என்று நினைத்துவிடாதே. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒன்று உண்டு. எதிரணி உயர உதைத்த பந்தைப் பிடிக்க நிற்பவர் கையை ஆட்டிக் காட்டிவிட்டால் அவர்மீது யாரும் மோதக் கூடாது. அவரும் பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த பிறகு, அந்த இடத்திலிருந்தே கோலுக்கு ஒரு இலவச உதை கேட்கும் உரிமை அவர் அணிக்கு உண்டு. எதிரணி பத்து கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். தேறினால் மூன்று புள்ளி. 1976-ல் சாண்டியேகோ சார்ஜர்ஸின் ரே வெர்ஷிங் அப்படி ஒன்று போட்டார். அதற்குப் பிறகு 2024 வரை என்எஃப்எல் லீக்கில் ஒன்றும் தேறவில்லை. 2024 டிசம்பர் 19 அன்று டென்வர் அணி சார்ஜர்ஸ் ஆட்டக்காரர் ஒருவரைப் பிடிக்க விடாமல் இடித்துவிட்டது. முதல் பாதி நேரம் முடிந்துபோயிருந்தது. ஆனாலும் அதே சார்ஜர்ஸ் அந்த உரிமையைக் கேட்டது; கேமரன் டிக்கர் 57 கெஜத்திலிருந்து உதைத்துப் போட்டார். 48 வருடம் தூங்கிய விதியை அன்றைக்கு நடுவர்கள் புத்தகத்தைப் புரட்டித் தேடவில்லை.

இனி நம் பையன்களிடம் வா. இடக்கையால் யார்க்கர் போடும் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு இறங்கினார்; அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். அவரைப் பார்த்து நம் பக்கம் இடக்கைப் பையன் எவனும் யார்க்கர்தான் போடுவான். யார்க்கர் தவறினால் ஃபுல் டாஸ். ஆகவே மற்ற ஊர் அம்பயர்களைவிட உனக்கு இடுப்புயர நோ-பால் அதிகம் வரும். பேட்ஸ்மேன் இறங்கி வந்து அடித்திருந்தால், அவன் நின்ற இடத்தில் உயரம் பார்க்காதே. கிரீஸில் நிமிர்ந்து நின்றிருந்தால் இடுப்புக்கு மேலே போயிருக்குமா என்று பார். சந்தேகம் வந்தால் லெக் அம்பயரைக் கேள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நோ-பாலை உரக்கச் சொல். பந்து டெட் ஆனதும் ஸ்கோரர் கை தூக்கும்வரை அவரைப் பார்த்து நில். பிறகு ஃப்ரீ ஹிட் சைகை காட்டு. பேட்ஸ்மேனுக்கும் கேப்டனுக்கும் வாயாலும் சொல். கூட்டம் கத்தினால் கத்தட்டும்.

கண் தவறி நீ கொடுக்கும் தீர்ப்பை ஆட்டக்காரர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். விதி தெரியாமல் ஓர் அணியின் ரன்னைப் பறித்தால் அடுத்த வருடமும் சொல்லிக்காட்டுவார்கள். அப்படிச் சொல்வதும் நியாயம்தான். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தைக் கையில் வாங்கும் முன் அந்தத் தாளில் இரண்டு கையெழுத்தையும் வாங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்