நடுச்செவி உள்பதியம்: இணைப்பு முறைகள் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
- நடுச்செவி உள்பதியம்: செவிச் சிற்றெலும்பையோ உட்செவிச் சாளரத்தையோ நேரடியாக அதிரச் செய்யும் கருவி
- காக்லியர் இம்ப்ளான்ட் வேறு: அது செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டுவது; இது இயந்திர அதிர்வு. வினாத்தாளின் வழக்கமான பொறி
- சிற்றெலும்புகள் 3: சுத்தி, பட்டடை, அங்கவடி
- உடலின் மிகச் சிறிய எலும்பு: அங்கவடி, சுமார் 3 மி.கி.
- செவிப்பறை – அங்கவடி அடித்தட்டு, பயனுறு பரப்பு விகிதம் 17:1. நெம்புகோல் விகிதம் 1.3:1; மொத்த அழுத்தப் பெருக்கம் சுமார் 22 மடங்கு
- இணைப்பு: அதிர்வியை எலும்போடு அல்லது சாளரத்தோடு பொருத்தும் முறை. தொடுகை தளர்ந்தால் வலுவான அதிர்வியும் பயனற்றது

முதன்மைகள்
- 1935: வில்ஸ்கா, பின்லாந்து. செவிப்பறை மீது இரும்புத் துகள், காந்தப்புலத்தால் ஒலியுணர்வு
- 1984: ஜப்பான், எஹிமே பல்கலைக்கழகம், யானகிஹாரா. பீசோமின் அதிர்வி, அங்கவடியில் இணைப்பு
- 1996: வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ், முதல் நோயாளி. சூரிச், அறுவை மருத்துவர் ஊகோ ஃபிஷ்
- கண்டுபிடிப்பாளர்: ஜெஃப்ரி பால், அமெரிக்கா. தாமே செவித்திறன் குறைந்தவர். தம் கருவியையே பொருத்திக்கொண்டவர்
- 2000: சவுண்ட்பிரிட்ஜுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல்
- 2003 முதல் சவுண்ட்பிரிட்ஜின் உரிமை: மெட்-எல், இன்ஸ்ப்ரூக், ஆஸ்திரியா
- 2010: எஸ்டீம். எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற முதல் முழு உள்பதியக் கருவி

மிதவை நிறை அதிர்வி
- சவுண்ட்பிரிட்ஜின் இதயம்; சுருக்கம் எஃப்.எம்.டி.
- டைட்டானிய உருளை. உள்ளே காந்தம், வெளியே தங்கக் கம்பிச் சுருள்
- நீளம் 2.3 மி.மீ., விட்டம் 1.6 மி.மீ., எடை சுமார் 25 மி.கி.
- அங்கவடியைப் போல் சுமார் 8 மடங்கு. ஏறத்தாழ பட்டடையின் எடை

இணைப்பு இடங்கள்
- பட்டடையின் நீள் நீட்சி: மூல முறை. டைட்டானியக் கவ்வியை நெரித்துப் பொருத்துதல். தகுதி: நரம்புவழிக் கேளாமை, சேதமற்ற சிற்றெலும்புத் தொடர். குறை: கவ்விய இடத்தில் எலும்பு அரிப்பு
- பட்டடையின் குறு நீட்சி: பின்னாளைய முறை. நெரிப்பு தேவையற்றது, முகநரம்பு ஒட்டிய குறுகிய வழியை அகலத் திறக்கும் தேவை குறைவு
- அங்கவடித் தலை: பட்டடை அழிந்து, அங்கவடி எஞ்சிய நிலை, கிளிப் வகை இணைப்பான்
- நீள்வட்டச் சாளரம்: அங்கவடியின் மேற்கட்டமைப்பும் இல்லாத நிலை, அடித்தட்டின் மீது நேரடி ஊன்றல்
- வட்டச் சாளரம்: கொலெட்டி, வெரோனா, இத்தாலி, 2006, 7 நோயாளிகள். கலப்புக் கேளாமைக்கான திருப்புமுனை
- வட்டச் சாளரத் தத்துவம்: உட்செவித் திரவம் அமுங்காதது, ஒரு சாளரம் உள்ளே அழுந்தினால் மற்றது வெளியே பிதுங்கும். எனவே பின்வாசல் வழியாகவும் அதே அலை
- வட்டச் சாளரச் செய்முறை: எலும்பு விளிம்பைத் துளையிட்டு அகற்றல், சவ்வுக்கும் அதிர்விக்கும் இடையே தசையுறைத் துண்டு. ஐந்திலும் கைத்திறனை அதிகம் சோதிக்கும் இடம்
- எஸ்டீம் மட்டும் தனி: நீள் நீட்சியின் ஒரு பகுதி வெட்டி நீக்கம், பட்டடையில் உணரி, அங்கவடியில் இயக்கி. தனி ஒலிவாங்கி இல்லை, செவிப்பறையே ஒலிவாங்கி

நோய்த் தொடர்பு
- நாள்பட்ட சீழ்ச்செவி: எலும்பை அரிக்கும் நோய். பெரும்பாலும் முதல் பலி பட்டடையின் நீள் நீட்சி. காரணம் குறைந்த இரத்த ஓட்டம்
- மூல முறைக்கான இடமே இல்லாமற்போவதால் சாளர இணைப்பு

வட்டாரம், சட்டம்
- ஆரோக்கியஸ்ரீ (ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்): 2007, குழந்தைகளுக்கான காக்லியர் இம்ப்ளான்டும் அடக்கம்
- மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: இரு செவிகளிலும் பேச்சு அலைவரிசையில் 70 டெசிபல் இழப்பு 'காது கேளாதோர்', 60–70 டெசிபல் 'செவித்திறன் குறைந்தோர்'
- உலகச் செவித்திறன் நாள்: மார்ச் 3