மங்கிய ஒளியில் படம் ஏன் புள்ளி புள்ளியாகிறது?

பள்ளி ஆண்டு விழாவில் மங்கலான மேடையை எடுத்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புத் திரையின்மேல் மணல் தூவியதுபோல் பொடிப் புள்ளிகள் தெரியும். வானொலியில் கேட்கும் இரைச்சலின் இனத்தைச் சேர்ந்ததாகையால் இதற்கும் 'இரைச்சல்' என்றே பெயர். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தியதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

காமிராவின் லென்சுக்குப் பின்னால் ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அதில் பல லட்சம் நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். அவற்றையே இன்று ஃபோட்டான்கள் என்கிறோம். கட்டத்தில் விழும் ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும். இப்படிச் சேர்ந்த எலக்ட்ரான்களின் அளவே அந்தக் கட்டத்தின் பிரகாசம்.

இப்போது மழையை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஒரே அளவுள்ள நூறு டம்ளர்களை வைக்கிறோம். தூறல் போட்டு உடனே நின்றுவிட்டது. சராசரியாக ஒரு டம்ளருக்கு 9 துளிகள். ஆனால் எல்லாவற்றிலும் 9 இருக்காது. ஒன்றில் 6, அடுத்ததில் 12 என்றிருக்கும். நல்ல மழை பெய்து சராசரி 900 ஆனால், வேறுபாடு சுமார் 30 துளிகள்தான். 9-இன் வர்க்கமூலம் 3. 900-இன் வர்க்கமூலம் 30. முதலாவதில் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் முப்பதில் ஒரு பங்கு! ஃபோட்டான்களும் மழைத்துளிகளைப் போலவே தாறுமாறாக வந்து விழுகின்றன. ஆகவே ஒளி குறைந்தால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்குள் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. எவ்வளவு விலையுயர்ந்த காமிராவும் இதிலிருந்து தப்ப முடியாது.

அப்படியானால் ஐ.எஸ்.ஓ. என்ன செய்கிறது? பிலிம் காலத்தில் அந்த எண் பிலிமின் ஒளியுணர் திறனைக் குறித்தது. டிஜிட்டல் காமிராவில், கிடைத்த சைகையை எவ்வளவு பெருக்குவது என்பதையே பெரும்பாலும் குறிக்கிறது. 100-ஐ 1600 ஆக்கினால் 16 மடங்கு பெருக்கம். ஒரு ஃபோட்டான்கூட அதிகமாக வருவதில்லை. பெருக்கி சைகையையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. எண்ணை உயர்த்தியதும் காமிரா ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடுகிறதே, அங்கேதான் ஒளி குறைகிறது. குற்றவாளி அதுவே.

கைப்பேசியில் எண்களை நாமே அமைக்கும் வசதியும், 'ரா' வகைக் கோப்பாகச் சேமிக்கும் வசதியும் இருந்தால் இதைச் சோதிக்கலாம். (மற்ற வகையில் கைப்பேசி தானாகவே புள்ளிகளை மழுப்பிவிடும்.) மாலையில், புத்தக அடுக்கின்மேல் அசையாமல் வைத்து, ஒரே சுவரை மூன்று முறை எடுங்கள்: ஐ.எஸ்.ஓ. 100, கால் விநாடி, ஐ.எஸ்.ஓ. 1600, 1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. 100, 1/60 விநாடி. முதல் இரண்டும் ஒரே பிரகாசத்தில் இருக்கும். இரண்டாவதில் ஒளி ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு, ஆகவே இரைச்சலின் விகிதம் 4 மடங்கு. மூன்றாவது இருண்டிருக்கும். அதைக் கணிப்பொறியில் பிரகாசமாக்குங்கள். இரைச்சல் இரண்டாவதைவிடக் குறையாது. சில காமிராக்களில் கூடவும் செய்யும். பெருக்கிக்குப் பின்னாலுள்ள மின்சுற்றுகள் தம் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல், சைகை சிறிதாக இருக்கும்போது அதிகம் உறுத்துவதே காரணம்.

ஆகையால், ஓடியாடும் நடனத்தை எடுக்கக் குறைந்த நேரமே ஷட்டரைத் திறக்க முடியுமென்றால், ஐ.எஸ்.ஓ.வைத் தாராளமாக உயர்த்துங்கள். அசையாத சுவருக்குத் தேவையில்லை. கூடுதல் நேரம் கொடுத்தால் போதும்.