சீம்பாலுக்குக் காத்திருக்க வைக்காதே

தங்கச்சி, இந்த மாசக் கடைசியில உன் மாடு கன்னு போடும்னு சொன்னே. தீவன வெலை கேட்டே, சொசைட்டி பால் ரேட்டு கேட்டே. கன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அதான் அக்கா நானே சொல்லிடறேன்.

நம்ம பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. மத்த விஷயத்துல அவங்க பேச்சைக் கேளு, இதுல கேக்காதே. நஞ்சு விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். மனுசக் கொழந்தைக்கு நோயை எதிர்க்கற சக்தி கொஞ்சமாவது அம்மா வயித்துலயே வந்துடும். மாட்டுக்கு அப்படி இல்ல. நஞ்சு வழியா அது கன்னுக்குப் போகாது, சீம்பால்லதான் வரணும். கன்னோட குடலும் அதை ரத்தத்துல சேர்த்துக்கறது கொஞ்ச நேரத்துக்குத்தான். மணிக்கு மணி கொறைஞ்சு, 24 மணி நேரத்துல ஏறக்குறைய நின்னு போயிடும். கன்னு ஊட்டுனா தாயோட கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு விழவும் அது உதவி. அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?

அளவு என்னன்னா, கன்னு எடையில பத்துல ஒரு பங்கு. கலப்பினக் கன்னு 25, 30 கிலோ இருக்கும். அப்போ இரண்டரையிலிருந்து மூணு லிட்டர். பாதியாவது மொத ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், மீதி 12 மணி நேரத்துக்குள்ள. ஊட்ட விடறதுக்கு முன்னாடி மடியையும் காம்பையும் கழுவித் தொடைச்சிடு. கன்னு வாய்க்கு மொதல்ல போறது பாலா இருக்கணும், சாணியா இருக்கக் கூடாது. எழுந்து நிக்க முடியாத கன்னுக்குக் கறந்து பாட்டில்ல ரப்பர் காம்பு மாட்டிக் குடு. தலையை அண்ணாத்திப் பிடிச்சு மூங்கில் குழாய்ல ஊத்தாதே, நுரையீரலுக்குப் போயிடும். பக்கத்து வீட்டுக்குச் சீம்பால் குடுக்கறது நல்ல வழக்கம்தான், ஆனா கன்னு வயிறு நெறைஞ்ச பிறகு. மிச்சம் இருந்தா சுத்தமான பாட்டில்ல ஊத்தி ஃப்ரீசர்ல வை. தாய்க்குப் பால் இறங்காத ஒரு நாள் அது கை குடுக்கும். அப்போ வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வெச்சு உருக்கு, அடுப்புல வெச்சா திரிஞ்சிடும்.

இதுக்கெல்லாம் முந்தி, பொறந்த ஒடனே மூக்குலயும் வாயிலயும் இருக்கற சளியைத் தொடைச்சு எடு. மூச்சு சரியா வரலைன்னா வைக்கோலால மூக்குத் துவாரத்தைக் கிச்சுகிச்சு மூட்டு, தும்மிடும். தாய் நக்கட்டும். நக்கலைன்னா காஞ்ச சாக்கால அழுத்தித் தேய்ச்சு விடு.

தொப்புள்கொடி நீளமாத் தொங்குனா, வயித்திலிருந்து ஒரு இஞ்சு விட்டு நூலால கட்டி, அதுக்குக் கீழ புது பிளேடால வெட்டு. ஒரு சின்ன மூடியில டிங்சர் அயோடின் ஊத்தி, கொடி முழுசும் நனையற மாதிரி முக்கு. மூணு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் செய். சாம்பல், சாணி எதையும் அப்பாதே. அந்த ஈரக் கொடி வழியாத்தான் கிருமி உள்ள போய்த் தொப்புள் வீங்கி, பிறகு முட்டியும் வீங்கும்.

கன்னு படுக்கற எடத்துல நீ கொஞ்ச நேரம் முட்டி போட்டுப் பாரு. சேலை நனைஞ்சா வைக்கோலை மாத்தணும். குளிருதுன்னு தார்ப்பாயால நாலு பக்கமும் மூடிடாதே. மூத்திர நெடி உள்ளயே சுத்துனா நெஞ்சுச் சளி புடிச்சுக்கும்.

மொத மாசம் பயப்பட வேண்டியது கழிச்சலுக்கு. சீம்பால் தாமதமாப் போன கன்னு, கழுவாத வாளியில குடிச்ச கன்னு, ஒரு நாள் பட்டினி, மறுநாள் வயிறு முட்டப் பால்னு வளர்ற கன்னு, இதுங்களுக்குத்தான் அது சீக்கிரம் வரும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாரு. ஒடனே படியலைன்னாலும், கண்ணு உள்ள போயிருந்தாலும் ஒடம்புல தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். கன்னைக் கொல்றது பெரும்பாலும் அந்த வறட்சிதான். கால்நடை மருந்தகத்துல எலக்ட்ரோலைட் பொடி வாங்கி இப்பவே வீட்டுல வெச்சுக்கோ. காய்ச்சி ஆறுன தண்ணியில கலக்கி, ரெண்டு வேளைப் பாலுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமாக் குடு. பாலை ஒரேயடியா நிறுத்தாதே. நம்ம வீட்டு வயித்துப்போக்கு மாத்திரையைப் பொடிச்சுப் போடற வேலையும் வேண்டாம். ரத்தம் வந்தா, காது சில்லுன்னு ஆனா, சப்பக்கூட முடியலைன்னா அன்னைக்கே டாக்டர் பாக்கணும். 1962க்குப் போன் பண்ணு.

பூச்சி மருந்து மொத தடவை பத்துலிருந்து பதினாலு நாளுக்குள்ள, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம், டாக்டர் எடை பாத்துச் சொல்ற அளவுல. 'இன்னும் புல்லே கடிக்கலையே, பூச்சி எங்கிருந்து வரும்'னு கேப்பே. ஒரு உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாவே வருது, எருமைக் கன்னுக்கு இன்னும் அதிகம். ரெண்டாவது வாரத்துலருந்து கன்னுத் தீவனம் ஒரு கை, எளம் புல்லு, நல்ல தண்ணி. நாலாவது மாசம் கோமாரி ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. கெடேரியா இருந்தா நாலுலிருந்து எட்டு மாசத்துக்குள்ள கருச்சிதைவு நோய்க்கு ஒரே ஒரு ஊசி. அந்த வயசு தாண்டிட்டா போட மாட்டாங்க, அதனால பொறந்த தேதியைக் காலண்டர்லயே குறிச்சு வை.

காளைக்கன்னு பொறந்தாலும் இதெல்லாம் அப்படியே செய். 'எப்படியும் விக்கப்போறதுதானே'ன்னு சீம்பாலைக் கொறைச்சு, மூலையில ஈரத்துல கட்டிப் போடறவங்க நெறைய பேர். மொதல்ல கழிச்சல் புடிக்கறது அதுக்குத்தான், அங்கிருந்து பக்கத்துல கட்டியிருக்கற கெடேரிக்கும் தாவிடும்.