நிகழ்ச்சியும் நோக்கும்

பெருநிகழ்ச்சியே ஒருவரது இயல்பை மாற்றுமோ, அதனை அவர் கொள்ளும் நோக்கு மாற்றுமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

திருவொற்றியூர்க் கடற்கரையிற் சமாதியுற்ற பட்டினத்தடிகள், முன்னர்க் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராய்த் திருவெண்காடர் எனப்பட்டவர். வளர்ப்பு மகவாகிய மருதவாணர் காதற்ற ஊசியும் ஓலையும் வைத்து மறைய, அவற்றைக் கண்ட அளவிலே துறந்தனர் என்பது மரபு.

மகவை இழந்தார் உலகிற் பலர், துறந்தார் சிலரே. இழப்பென்று கண்டார் துயருற்றனர். அறிவுறுத்தலென்று கண்ட அடிகள் வேறொருவராயினர். ஒரே நிகழ்ச்சி காண்பார்தோறும் வேறாய்த் தோன்றுதலை இக்கால உளநூலாரும் ஆராய்கின்றனர்.

அற்றேல் நிகழ்ச்சி வேண்டாவோ எனின், அற்றன்று. காற்று எல்லாவற்றையும் அசைக்கும், கனிந்ததே உதிரும். நிகழ்ச்சி நிமித்தம், கனிவு மலபரிபாகம். இருவினையொப்பு எய்திய உயிர்க்கே இழப்பும் பேறும் நிகராய்த் தோன்றும்.

ஆகலின், அடிகள் சமாதியை வணங்குவார் தமக்கு நேர்ந்ததனை மட்டும் எண்ணாது, அதனைத் தாம் நோக்கிய நோக்கினையும் ஆராய்வாராக.