செங்கல் தொட்டிக்கு ஒரு வழி

தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டிப் பத்தடி நீளம், இரண்டடி அகலத்தில் செங்கல் தொட்டி கட்டினோம். "அடியில கான்கிரீட் போட்டுடுறேம்மா, வேர் அஸ்திவாரத்துக்குப் போகாது" என்றார் கொத்தனார். நானும் சரியென்றேன். தண்ணீர் எப்படி வெளியேறும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

கோடையில் செம்பருத்தி நன்றாகப் பூத்தது. ஐப்பசி மழையில் இலைகள் மஞ்சளாயின. சத்துக்குறை என்று நினைத்து உரம் போட்டேன். செடி இன்னும் வாடியது. தோண்டிப் பார்த்தால் மண்ணில் சாக்கடை வாடை. வேர்கள் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து வந்தது. பக்கத்திலிருந்த கறிவேப்பிலையும் பிழைக்கவில்லை. தொட்டியின் வெளிப்பக்கம் ஓதம் ஏறிச் செங்கலில் உப்பு பூத்திருந்தது. அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தத் தொட்டிக்குள் மட்டும் ஏறக்குறைய 185 லிட்டர் தண்ணீர் விழும். அது வெளியேறாவிட்டால் மண்ணிலுள்ள காற்றிடமெல்லாம் நிறைந்துவிடும். காற்று கிடைக்காத வேர் அழுகும்.

மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், தண்ணீர் வெளியேறத் தொட்டிச் சுவரின் அடியில் துளை போடும் வேலையைத் தொடங்கினோம். நான் கற்றவை இவை:

1. ஒரு மூலையில் மண்ணை அள்ளித் தளம் வரை ஆழத்தை அளந்து, அதே அளவை வெளிப்பக்கம் குறியுங்கள். துளை தளத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் மேலே போட்டால் அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

2. செங்கலில் துளைக்காமல் சாந்து ஜாயின்டில் துளையுங்கள். உளியால் அடித்தால் செங்கல் பிளக்கும். ட்ரில் மெஷினில் முதலில் சிறிய பிட், பிறகு பெரியது. துளை வெளிப்பக்கம் சற்றே சரிய வேண்டும்.

3. இரண்டடிக்கு ஒரு துளை. ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குல பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிலும் சாந்து பூசுங்கள். குழாய் ஓர் அங்குலம் வெளியே நீண்டிருந்தால் தண்ணீர் சுவரில் வழியாது.

4. குழாயின் உள்வாயில் நைலான் வலை, அதைச் சுற்றி இரண்டு கை ஜல்லி போதும். தளம் முழுக்க ஜல்லி பரப்புவது வீண். மேலே உள்ள மண் முற்றிலும் ஊறும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. மண்ணின் ஆழம்தான் குறையும்.

5. களிமண்ணாக இருந்தால் துளை மட்டும் போதாது. செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம் கலந்து மண்ணை இளக்குங்கள். தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலத் தொட்டியில் அதைக் குறையுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. தளத்துக்கு வாட்டம் விடச் சொல்லி, முதல் வரிசைச் செங்கலிலேயே குழாயை வைத்துவிடுங்கள்.

அடுத்த மழையில் ஐந்து குழாய்களிலும் முதலில் கலங்கலாக, சிறிது நேரத்தில் தெளிவாகத் தண்ணீர் வந்தது. வலை மண்ணைப் பிடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பு எடுக்கிறேன். புதுச் செம்பருத்தி மூன்று மழைக்காலங்களைத் தாண்டிவிட்டது.