முதல் ஏற்றுமதி ஆர்டரா? சரக்கு அனுப்பும் முன் இந்த 4 கதவுகளைத் தட்டுங்க!

பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்க்கழிவுக் கட்டி தயாரிக்கிற ஒரு சின்ன யூனிட் உங்களோடதுன்னு வெச்சுக்குவோம். வெளிநாட்டிலிருந்து 8 லட்சம் ரூபாய்க்கு முதல் ஆர்டர் வருது. லாபம் 10 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். கடனுக்குச் சரக்கை அனுப்பிட்டீங்க. பணம் வரலை.

உங்க கையிலிருந்து போனது 7,20,000 ரூபாய். அதை மீட்க இதே மாதிரி இன்னும் 9 ஆர்டர் முடிக்கணும். ஒரே ஒரு மோசமான பையர் போதும், சின்ன யூனிட் படுத்துடும்.

இதைத் தடுக்க அரசு அமைப்புகள் இருக்கு. ஆனா நம்மில் பலர் கடனும் மானியமும் மட்டும் தான் விசாரிக்கிறோம்.

1. ஐஇசி எண்
இது இல்லாம வணிக ஏற்றுமதி கிடையாது. டிஜிஎஃப்டி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்யணும். மாற்றம் எதுவும் இல்லைன்னாலும் செய்யணும். மறந்தா எண் முடங்கிடும்.

2. உங்க பொருளுக்கான வாரியம்
தென்னை நாருக்குக் கயிறு வாரியம், மிளகு, ஏலக்காய்க்கு நறுமணப் பொருள் வாரியம், பழம், காய்கறிக்கு அபீடா, ஆயத்த ஆடைக்கு ஏஇபிசி. இங்கே பதிவு செஞ்சா ஆர்சிஎம்சி சான்றிதழ் கிடைக்கும். வெளிநாட்டுக் கண்காட்சி வாய்ப்புகளும் இவங்க மூலமா தெரியவரும்.

பொருளை மேம்படுத்தவும் இவங்ககிட்ட போகலாம். நார்க்கழிவில் உப்பு அதிகமா இருந்தா செடி வளராது. அதனால வெளிநாட்டு பையர் முதல்ல கேட்பது அந்த அளவைத்தான். கயிறு வாரியத்தோட மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை பக்கம் கலவூரில் இருக்கு. சோதனை வசதி பற்றி அங்கே விசாரிங்க.

3. தபால் நிலையம்
சாம்பிளோ சின்ன ஆர்டரோ அனுப்ப கன்டெய்னர் தேவையில்லை. தபால் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' மையங்கள் வழியா பார்சலாகவே ஏற்றுமதி செய்யலாம். முதல்ல சின்னதா அனுப்பிப் பார்த்தா, நஷ்டம் வந்தாலும் சின்னதா முடியும்.

4. இசிஜிசி
ரொம்ப முக்கியமானது இதுதான். 1957-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பையர் திவாலானாலோ, பணம் தராம இழுத்தடிச்சாலோ, அந்த நாட்டில் போர் வந்து பணம் சிக்கினாலோ, பாலிசியில் சொன்ன சதவீதம் வரை இழப்பீடு தருவாங்க.

கவனம்: தரம் சரியில்லைன்னு பையர் தகராறு பண்ணினா, சாதாரணமா இது கைகொடுக்காது. டாலர் மதிப்பு மாறி வர்ற நஷ்டமும் இதில் சேராது. கப்பலில் சரக்கு சேதமானா அதுக்குத் தனி மரைன் இன்சூரன்ஸ் வேணும்.

பாலிசி எடுத்துட்டு, அந்த பையருக்கான கிரெடிட் லிமிட்டையும் சரக்கு கிளம்பும் முன்னாடியே வாங்கிடுங்க. லிமிட் கிடைக்கலையா? அதுவே எச்சரிக்கை மணி. முழு முன்பணம் கேளுங்க, இல்லைன்னா ஆர்டரை விடுங்க.

பிரீமியத்தைச் செலவா பார்க்காதீங்க, விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லுங்க. 9 ஆர்டர் உழைப்பைக் காப்பாத்துற தொகை அது.