ஜப்பானில் காலூன்றப் போகும் தம்பி தங்கைகளுக்கு

நம் நாட்டில் 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கை வந்த நாளிலிருந்து மாணவர்கள் ஜப்பானுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது வேலைக்கும் போகிறார்கள். கிளம்பும்போது எல்லாருக்கும் மொழியை நினைத்துத்தான் பயம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் மொழி நன்றாகத் தெரிந்தும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமலே ஊர் திரும்புபவர்கள் உண்டு. அங்கே முதலில் சம்பாதிக்க வேண்டியது பக்கத்து வீட்டாரின் நம்பிக்கை.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். நரித்தா, ஹனெடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் வசிப்பிட அட்டை கையில் கிடைக்கும். வீடு அமைந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். அதன் பிறகு கிளினிக் செலவில் பொதுவாக 30 விழுக்காடுதான் உங்கள் பங்கு. 20 வயதானவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவும் உண்டு. மாணவர்கள் அதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். பகுதிநேர வேலை செய்ய மாணவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். "கொஞ்சம் கூட செஞ்சா யாருக்குத் தெரியும்?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசா புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வீடு தேடும்போது மனம் நோகலாம். வெளிநாட்டவர் என்றாலே வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். முன்பணம் போக, 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமும் கேட்பார்கள். அது திரும்பி வராது. அதனால் முதல் வருஷம் பல்கலைக்கழக விடுதியே நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் யூ.ஆர். குடியிருப்புகளைப் பார்க்கலாம். அங்கே ரெய்கினும் இல்லை, பிணையாளும் தேவையில்லை.

இனி குப்பை. சிரிக்காதீர்கள், அங்கே பாதிச் சண்டை இதில்தான். எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அட்டவணை உண்டு. தண்ணீர்ப் போத்தலை அப்படியே வீசக்கூடாது. மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி வைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே வைக்காமல் காலையில்தான் வைக்கணும். மேலே வலையைப் போட்டு மூடணும், இல்லாவிட்டால் காக்கை கிளறிவிடும். (காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்!) பிரிக்காமல் வைத்த பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப் போய்விடுவார்கள். யாரும் வந்து திட்டமாட்டார்கள். ஆனால் அது யார் வீட்டுப் பை என்று தெருவுக்கே தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை சாப்பாட்டில்தான். மாட்டிறைச்சியைத் தட்டில் பார்த்தால் தெரிந்துவிடும், ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் வருவது 'தாஷி'. காய்ந்த கத்ஸுவோ மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சாறு அது. மிசோ சூப், ஊடோன், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் இருக்கும். "நான் வெஜிடேரியன்" என்றால் சிலர் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாற்றோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்றும் எண்ணம் கிடையாது, அவர்கள் கணக்கில் அது வெறும் சுவை. அதனால் "நிக்கு மோ சகானா மோ தபேமாசென், தாஷி மோ" என்று மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், தாஷியும்தான். கடையில் விற்கும் கறிக் கட்டிகளில் பல மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்தவை. மாடு, பன்றி, மீன் ஆகிய மூன்றுக்குமான எழுத்துகளை விமானம் ஏறுமுன்பே படித்து வையுங்கள். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் மீன் கிடையாது. கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள். அதை வீட்டில் நீங்களே செய்யலாம், கஷ்டமில்லை.

கோவில் ஏக்கம் வந்தால் தோக்கியோவில் உவெனோ குளத்துப் பக்கம் போங்கள். அங்கே பென்சைத்தென் என்ற பெயரில் இருப்பவள் நம் சரஸ்வதிதான். அசாகுசா அருகே மத்சுச்சியாமா கோவிலில் இருப்பவர் கணபதி. படையல் முள்ளங்கி! ஜனவரி 7-ஆம் தேதி முள்ளங்கித் திருவிழாவே நடக்கும். சாமியின் உருவத்தைப் பார்க்க முடியாது, மூடித்தான் வைத்திருப்பார்கள். பௌத்தக் கோவில் என்பதால் ஷிந்தோ கோவிலில் தட்டுவதுபோல் கை தட்டாமல், கும்பிட்டுத் தலை வணங்கினால் போதும்.